இன்றைக்கு யார் காவல்?

தெய்வசிகாமணிக்கு வயது ஐம்பத்தொன்று. போன பரிசோதனையின்போது அவருடைய இதயத்துக்கு அறுபத்தாறு.

வேலன் நகரில் எல்லோருக்கும் இப்படி இரண்டு வயது உண்டு. சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை, சங்ககிரியைத் தாண்டியதும் அந்தக் குடியிருப்பின் வாசலை உரசிக்கொண்டுதான் போகிறது. ஓட்டுநர் இல்லாத லாரிகள் வந்த பிறகு சரக்குப் போக்குவரத்து முழுவதையும் இரவுக்கு மாற்றிவிட்டார்கள். பகலில் சாலை மனிதர்களுக்கு, இரவில் லாரிகளுக்கு. அவை பேட்டரியில் ஓடுவதால் இன்ஜின் சத்தம் கிடையாது. ஆனால் இருபது லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரையும்போது டயர்கள் எழுப்பும் ஊளையும், ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும் சட்டப்படி அவை கொடுக்கும் எச்சரிக்கை ஒலியும் விடியும்வரை ஓயாது. "பழகிப் போச்சுங்க" என்றுதான் அங்கே எல்லோரும் சொன்னார்கள். அவர்களுக்குப் பழகியது உண்மைதான். அவர்களுடைய இதயங்களுக்குப் பழகவில்லை.

அதனால்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுகாதார நிலையத்துக்கு வரவேண்டும். நர்ஸ் ஜெயசீலி மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றி, இதயத்தின் வயதைச் சொல்வாள்.

அன்றைக்குக் கறுப்பு வேட்டியும், கழுத்தில் துளசி மாலையும், நாற்பத்தைந்து நாள் தாடியுமாக சிகாமணி உட்கார்ந்திருந்தார். இன்னும் மூன்று நாளில் சபரிமலைக்குப் புறப்பட வேண்டும். பக்கத்து நாற்காலியில் மனைவி கோகிலவாணி. ஜெயசீலி திரையைப் பார்த்தாள். பட்டையைக் கழற்றி, உதறி, மறுபடியும் சுற்றினாள்.

"ஏனுங் சிஸ்டர், இன்னும் ஏறிப்போச்சா?" என்றார் சிகாமணி.

"எறங்கியிருக்கு சாமி. அறுபத்திரண்டு."

"பாத்தியா? எல்லாம் ஐயப்பன் செயல்!" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயப்பன் செயல்னா எனக்கும் சந்தோசந்தான். வேணும்னா நானும் ஒரு சரணம் போடறேன்," என்றாள் ஜெயசீலி. "ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. விரதத்துல தலகாணி இல்லாமத்தானே படுக்கறீங்க?"

"தலகாணி ஏதுங்? ஹால்ல ஒரு பாய். அவ்வளவுதான்."

"ஹால் ரோட்டுப் பக்கம்."

"ஜன்னலுக்கு நேராங்க. லாரி என்ற காதுக்குள்ளயே போயிட்டு வருது."

"அப்ப ஏறியிருக்கணுமே. எப்படி எறங்கும்? விரதச் சாப்பாடு, பீடி இல்லை, அதுக்கெல்லாம் ஒரு வருசம் தள்ளுபடி தரலாம். நாலு வருசம் தர முடியாது சாமி." ஜெயசீலி யோசனையோடு பட்டையைக் கழற்றினாள். "கோகிலாக்கா, உங்க கையக் குடுங்க."

கோகிலாவுக்கு வயது நாற்பத்தாறு. போன முறை அவள் இதயத்துக்கு நாற்பத்து நான்குதான். தெருவிலேயே வயதைவிட இளமையான இதயம் அவளுடையது ஒன்றுதான் என்று ஜெயசீலி கேலி செய்வாள். இன்றைக்கு நாற்பத்தேழு காட்டியது.

ஜெயசீலி இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "சாமி, மாத்திரை குடுக்கற ஜன்னல்ல கூட்டம் சேர்றதுக்குள்ள வாங்கிட்டு வந்திருங்களேன்," என்று அவரை அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுல தலகாணிய எடுத்து வெக்கறது யாரு?"

"நாந்தான். ஏனுங்?"

அந்தத் தலையணைகள் இரண்டு வருடத்துக்கு முன் வந்தவை. சாலையோரத்தில் உயரமான சுவர் கட்டித் தாருங்கள் என்று வேலன் நகர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். சுவருக்குப் பதிலாகத் தலையணை வந்தது. வீட்டுக்கு இரண்டு.

"தூங்கறப்ப கண்ணு மூடுது, காது மூடறதில்லக்கா," என்றாள் ஜெயசீலி. "லாரி ஒவ்வொண்ணும் போறப்ப மூளை 'என்னமோ வருது, என்னமோ வருது'ன்னு இதயத்தை உசுப்பிக்கிட்டே இருக்கும். நாம முழிக்காமலே ரத்தக் குழாய் இறுகும், பிரஷர் ஏறும். ராத்திரிக்கு நூறு தடவை, இருநூறு தடவை. மொதல்ல வந்த தலகாணி ரெண்டு பேரு காதையும் அடைச்சுது. அதுல ஒரு ஊர்ல கேஸ் கசிஞ்சு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் எந்திரிக்கவே இல்லை. அதுக்கப்பறந்தான் சட்டம் போட்டாங்க, வீட்டுல ஒரு காதாவது தொறந்திருக்கணும்னு."

"தெரியுங் சிஸ்டர். ஒருத்தர் காவல், ஒருத்தர் தூக்கம். ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"ஆமா. 'அவங்க கேட்டுக்குவாங்க, நீ தூங்கு'ன்னு தலகாணி உங்க மூளைக்குச் சொல்லும். நீங்க நிம்மதியா விட்டுருவீங்க. காவல்ல இருக்கறவங்களுக்கு வெறும் பாயில படுக்கறத விட சுமை ஒண்ணரை மடங்கு. ஆனா மறுநாள் முழு ஓய்வு கெடச்சுரும், அதனால சரியாயிரும். அந்த நம்பிக்கையிலதான் குடுத்தாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வெறும் பாய்க்குப் போனதும் சாமிக்கு நல்லாயிருக்குன்னா என்ன அர்த்தம்? அவரு ஒரு நாள்கூட ஓய்வு எடுக்கலைக்கா. ரெண்டு வருசமும் அவரேதான் காவல்."

"அதெப்படி முடியும்? நாந்தான் தெனம்..." கோகிலா நிறுத்திக்கொண்டாள்.

"தெனம்?"

கோகிலா முந்தானையின் நுனியை விரலில் சுற்றினாள். "யாரு கிட்டயும் சொல்லாதீங் சிஸ்டர். சாயந்தரம் தலகாணியில லைட்டு எரியுமில்ல, அதப் பாத்துட்டு எரியறத என்ற பக்கம் போட்டுக்குவேன். அவரு முறை வந்தாலும் மாத்திருவேன். அவரு பகல் பூரா பேட்டரி ஸ்டேசன்ல நிக்கறாரு. நான் அங்கன்வாடியில கொழந்தைகளோட மத்தியானம் செத்த நேரம் தலையச் சாச்சுக்கலாம். அதான், காவல நானே பாத்துக்கலாம்னு."

ஜெயசீலி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தாள். வெளியே யாரோ டோக்கன் எண்ணைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள்.

"லைட்டு எரிஞ்சா காவல்னு உங்களுக்கு யாருக்கா சொன்னாங்க?"

"யாரு சொல்லோணும்? முழிச்சிருக்கறவிய லைட்டப் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க. தூங்கப்போறவிய அணைச்சுட்டுத் தூங்குவாங்க. வேற எப்படிங்?"

"எரிஞ்சா, அவங்க பாதுகாப்புல இருக்காங்கன்னு அர்த்தம். அணைஞ்சிருக்கறதுதான் காவல்."

கோகிலா அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். தலையணை மாட்ட ஆள் வந்த அன்றைக்கு அவள் அவனுக்காக அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். விளக்கம் முழுவதையும் அவன் வீட்டுக்காரரிடம்தான் சொன்னான். சாயந்தரம் அவள் கேட்டபோது, "யாரு முறைன்னு அந்த லைட்டு காட்டும்" என்று மட்டும் சிகாமணி சொன்னார். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

இந்த நாற்பத்தைந்து நாளும் அவள் தலையணையில் விளக்கு எரியவே இல்லை. ஜோடி இல்லாததால் யாருக்கும் காவல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். ஆனால் காலையில் எழும்போது பின்னந்தலை கனத்தது. பல் தேய்க்கும்போது நெஞ்சு படபடத்தது. வயதாகிறது என்று அவளே காரணம் சொல்லிக்கொண்டாள். ஒற்றைத் தலையணை எப்போதும் காவலில்தான் இருக்கும் என்று ஜெயசீலி இப்போது சொன்னாள்.

நாற்பத்தைந்து நாளுக்கே இப்படி. அவர் இரண்டு வருடம். காலையில் வாசல்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பாரே, அப்போது "இந்தப் பீடிய விட்டுத் தொலைங்க" என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறாள்!

"நாந்தான் அவரைக் கொன்னுட்டு இருந்திருக்கேன், இல்லீங் சிஸ்டர்?"

"அப்படிப் பேசாதீங்க. சரியான நேரத்துக்குத் தெரிஞ்சுருச்சு. இன்னொரு வருசம் இப்படியே போயிருந்தா என் கையில இருந்திருக்காது, அதையும் மறைக்காமச் சொல்லிடறேன்." ஜெயசீலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீடு மட்டும் இல்லக்கா. பாசம் இருக்கற வீட்டுல ஒருத்தர் முறைய ஒருத்தர் திருடி வாங்கிக்கறாங்க. பாசம் இல்லாத வீட்டுல ஒருத்தர் தலையில ஒருத்தர் கட்டிடறாங்க. நூத்திப் பன்னண்டு வீட்டுல முறைப்படி நடக்கற வீடு ஒண்ணக்கூட நான் பாக்கலை. ஆனா ஆபீசுக்குப் போறது வீட்டுக்கு ஒரு எண்தான். உங்க ரெண்டு பேரு இதயத்தையும் கூட்டி ரெண்டால வகுத்து அனுப்பறோம். அதுல எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் சுவரு வேண்டியதில்லைன்னுட்டாங்க."

"மலை ஏறலாங்களா அவரு?"

"ஏறலாம். மெதுவா. நின்னு நின்னு."

அந்த மூன்று நாளும் கோகிலா அவரிடம் எதையும் சொல்லவில்லை. மனதில் பாரத்தோடு மலை ஏறக்கூடாது என்று நினைத்தாள். கோயிலில் இருமுடி கட்டும்போது முறைப்படி மூன்று கைப்பிடி அரிசி அள்ளிப் போட்டாள். மூன்றாவது கைப்பிடியில் அரிசி தவறிப் பாய் முழுவதும் சிதறியது. "பரவால்லம்மா, பொறுக்கிப் போடுங்க," என்றார் குருசாமி.

வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு சிகாமணி புறப்பட்டார். மலைக்குப் போகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை, திரும்பியும் பார்ப்பதில்லை. இருமுடியைத் தலையில் தாங்கிய அந்த முதுகு தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்து நான்கு வருடத்தில் அவள் அந்த மனிதரை எத்தனையோ காரணங்களுக்காகக் கோபித்துக்கொண்டிருக்கிறாள். அவர் முதுகைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை.

ஐந்தாம் நாள் காலை அவர் திரும்பி வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன, முகம் மட்டும் தெளிவாக இருந்தது. அரவணைப் பாயசத்தின் டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"குளிச்சுட்டுக் கோயிலுக்குப் போயி மாலையக் கழட்டிட்டு வந்தர்றேன். அப்பறம் ஒரு நல்ல காப்பி குடு."

"மாலையக் கழட்ட வேண்டாங் சாமி."

"என்னது?"

"இன்னொரு மண்டலம் இருங்க. அதுக்கப்பறம் பங்குனி உத்தரம் வந்துரும், அதுவரைக்கும் இருங்க. அதுக்கப்பறமும்..."

சிகாமணி சிரித்துவிட்டார். "ஏம் புள்ள, நான் அவ்வளவு சலிச்சுப் போயிட்டனா? நாப்பத்தெட்டு நாளு உன்னைய 'சாமி சாமி'ன்னு கூப்புட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

"சிரிக்காதீங்க. பாயில படுத்தாத்தான் நீங்க நல்லாயிருக்கீங்க." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். விளக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டதை, இரண்டு வருடமாகத் தலையணை மாற்றியதை, ஜெயசீலி சொன்னதை. "எரியறது காவல்னு நெனச்சுட்டனுங்க. உங்களுக்கு நல்லது பண்றேன்னு நெனச்சு..."

சிகாமணி டப்பாவின் மூடியைத் திறந்து, ஒரு விரலால் பாயசத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"தெரியும்," என்றார்.

"என்னங்க தெரியும்?"

"நீ மாத்தறது. மாட்ட வந்த தம்பி என்ற கிட்டத்தான எல்லாஞ் சொன்னான்? எரிஞ்சா தூக்கம், அணைஞ்சா காவல்னு. மொத வாரமே பாத்துட்டேன், எரியறத எடுத்து உன்ற பக்கம் போட்டுட்டு இருந்தே. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! நல்ல தூக்கத்த இவளே எடுத்துக்கறாளேன்னு. மூணு நாளு உங்கூடச் சரியாவே பேசலை, ஞாபகம் இருக்கா?"

"ரசத்துல உப்பு எச்சாப் போச்சு, அதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நாலாம் நாளு கதவோரமா நின்னு பாத்தேன். என்ற தலகாணியத் தட்டித் தட்டி மெத்துனு பண்ணிட்டு, 'அவரு நல்லாத் தூங்கட்டும், அவரு காவல எனக்குக் குடுத்துரு'ன்னு தலகாணி கிட்டப் பேசிட்டு இருந்தே. அப்பத்தான் வெளங்குச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"சொன்னா நீ சரியா மாத்தி வெச்சிருவியே," என்றார் சிகாமணி.

கோகிலாவுக்கு அவரைக் கட்டிக்கொள்வதா அடிப்பதா என்று தெரியவில்லை. கழுத்தில் மாலை இருந்ததால் இரண்டையும் செய்ய முடியவில்லை.

"அறுபத்தாறுங்க! அறுபத்தாறு வயசு இதயத்த வெச்சுட்டு இன்னொரு வருசம் இப்படியே இருந்திருந்தா நான் ஊருக்குச் சொல்லியனுப்பத்தான் ஆள் தேடியிருப்பேன். என்னையத் தூங்க வெச்சுட்டு நீங்க போயிட்டா, அந்தத் தூக்கத்த நான் என்ன பண்றது?"

சிகாமணி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். டப்பாவை மூடினார்.

"சரி. இன்னிலேருந்து முறைப்படி இருக்கலாம். ஒரு நாள் நீ, ஒரு நாள் நானு."

"நீங்க மாத்தமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நீ மாத்தமாட்டியா?"

அவள் பொய் சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. இப்போதுதான் விளக்கின் அர்த்தம் இரண்டு பேருக்கும் தெரியும். இனி சாயந்தரம் ஆனால் யார் முந்துவது என்ற போட்டிதான் நடக்கும். ஒருவர் தண்ணீர் குடிக்கப் போகும் நேரத்தில் இன்னொருவர் மாற்றிவிடுவார்கள். தலையணையே வேண்டாம் என்று இரண்டு பேரும் பாயில் படுத்தால் இருவருக்கும் ஏறும். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால் இந்தச் சாலையோரத்தில் யார் வாங்குவார்கள்?

அப்போது கொல்லைப்புறச் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்! மோட்டாரு முறை எட்டு மணியோட முடிஞ்சுது. எட்டு மூணு ஆச்சு. நாங்க தண்ணி புடிக்க வேண்டாமா?"

பக்கத்து வீட்டுப் பாலாமணி. இரண்டும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட ஒட்டு வீடுகள், இரண்டுக்கும் சேர்ந்து ஒரே ஆழ்துளைக் கிணறு. நான்கு வருடத்துக்கு முன்னால் மோட்டாரை யார் ரிப்பேர் செய்வது என்று வந்த சண்டைக்குப் பிறகு, மோட்டாரைத் தவிர வேறு எதைப்பற்றியும் அந்த இரண்டு பெண்களும் பேசிக்கொண்டதில்லை. பாலாமணியின் முறையில் ஒரு நிமிடம் குறைந்தாலும் தெருவே கேட்கும். அதே பாலாமணி, கோகிலாவின் முறையில் தன் பக்கத்துக் குழாயை ஒரு நிமிடம்கூடத் திறந்ததில்லை.

கோகிலா மோட்டாரை அணைத்தாள். அப்படியே அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள?" என்றார் சிகாமணி.

"நீங்க போயி மாலையக் கழட்டிட்டு வாங்க. நான் ஒரு எட்டு பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"பாலாமணி வீட்டுக்கா! சண்டைக்கா?"

"இல்லீங்க."

பாலாமணி குடத்தை இடுப்பில் வைத்தபடி நிலைப்படியிலேயே அவளை நிறுத்தினாள். முப்பத்தொன்பது வயதுக்காரி. கண்ணுக்குக் கீழே கரி அப்பியதுபோல இருந்தது. இத்தனை நாள் அதைக் கோபக்காரியின் முகம் என்றே கோகிலா நினைத்திருந்தாள்.

"மூணு நிமிசத்துக்கு மன்னிப்புக் கேக்க வந்தீங்களாக்கும்?"

"இல்ல. உங்க இதயத்துக்கு என்ன வயசு?"

பாலாமணி முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, குடத்தை இறக்கி வைத்தாள். "அறுபத்தொண்ணு. ஏன்?"

"உங்க வீட்டுல யாரு காவல்?"

"யாரு இருப்பாங்க? எரியற தலகாணிய அவரு எடுத்துக்குவாரு."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். நாளைக்கு லோடு எறக்கற வேல இருக்கு, தூங்குனாத்தான் ஆகும்னாரு. ரெண்டு வருசமா தெனமும் லோடு எறங்குது." பாலாமணி சிரிக்காமல் சொன்னாள். "உங்க வீட்டுல எப்படி? உங்க வீட்டுக்காரரு தங்கமாச்சே."

"அதுதான் பிரச்சனை," என்றாள் கோகிலா.

அவள் சொல்லி முடிக்கும்வரை பாலாமணி குறுக்கே பேசவில்லை. ஒரே வீட்டில் ஒன்று எரிந்து ஒன்று அணைந்திருப்பதால்தானே மாற்ற முடிகிறது? கோகிலாவின் தலையணையைப் பாலாமணியின் தலையணையோடு ஜோடி சேர்த்துவிடலாம். சிகாமணியின் தலையணையைப் பாலாமணியின் கணவர் ரங்கராஜின் தலையணையோடு. நாற்பது அடிக்குள் இருந்தால் சுவர் ஒரு தடையில்லை என்று ஜெயசீலி சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் இந்த வீட்டில் இரண்டும் எரியும், அந்த வீட்டில் இரண்டும் அணைந்திருக்கும். மறுநாள் தலைகீழ். வீட்டுக்குள் எப்படி மாற்றிப் போட்டாலும் ஒன்றும் மாறாது.

"ஒரு நாளு நாங்க ரெண்டு பேரும் உங்களுக்காகக் கேட்டுட்டு இருப்போம். ஒரு நாளு நீங்க எங்களுக்காக."

"நாங்க மாட்டைப் போலத் தூங்கறப்ப கேஸ் கசிஞ்சா?"

"நாங்க வந்து எழுப்புவோம். சாவிய மாத்தி வெச்சுக்கோணும்."

பாலாமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாலு வருசமா மொகத்தப் பாக்காதவ கையில வீட்டுச் சாவியக் குடுத்துட்டு, காதையும் அடச்சுட்டுத் தூங்குவீங்களா நீங்க?"

"தூங்குவேன். உங்களுக்கு என்ற மேல பாசம் கெடையாது."

"கெடையாது," என்றாள் பாலாமணி உடனே.

"எனக்கும் உங்க மேல கெடையாது. அதனாலதான் கேக்கறேன். நீங்க எனக்கு ஒரு நிமிசம் விட்டுக் குடுக்க மாட்டீங்க. என்ற நிமிசத்தத் திருடவும் மாட்டீங்க."

உள்ளேயிருந்து ரங்கராஜ் பனியனோடு வந்தார். நல்ல தூக்கத்தில் ஊறிய, பளபளப்பான முகம். "புருசன் பொண்டாட்டிக்குன்னு குடுத்ததுங்க அது. ரூல்ஸ்படி அப்படியெல்லாம் மாத்தப்படாது," என்றார்.

பாலாமணி திரும்பாமலே சொன்னாள். "ரூல்ஸா? கெளம்புங்க, லோடு எறக்கோணுமில்ல?"

அன்று மதியமே ஜெயசீலி வந்து நான்கு தலையணைகளையும் மாற்றி இணைத்துக் கொடுத்தாள். "நான் இதயத்தத்தான் பாக்கறேன். தலகாணி எந்தத் தலகாணியோட பேசுதுன்னு பாக்கறது என் வேலையில்லை," என்று சொல்லிவிட்டுக் கோகிலா கொடுத்த அரவணைப் பாயசத்தைச் சாப்பிட்டாள். போகும்போது, இந்த இரண்டு வீட்டுக்கும் நான்கு பேர் வயதையும் தனித்தனியாக எழுதி ஆபீசுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாள். சுவருக்கான புது மனுவோடு.

முதல் நாள் பாலாமணி வீட்டுக் காவல். கோகிலா ஒரு பயத்தோடுதான் படுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தன்னைப் பிடிக்காத ஒருத்தி தனக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு முதலில் உறுத்தியது. பிறகு அதுவே விசித்திரமான ஒரு தைரியமாகிவிட்டது. விடிந்தபோது சிகாமணி அவளுக்குப் பக்கத்தில் குழந்தையைப்போல வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். இரண்டு வருடத்தில் அவள் முதல்முறையாகப் பார்க்கும் தூக்கம் அது. எழுப்ப மனமில்லாமல் அன்றைக்கு அங்கன்வாடிக்குப் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து அவருக்கு அறுபது. பாலாமணிக்கு ஐம்பத்தெட்டு. ரங்கராஜுக்கு இரண்டு ஏறியிருந்தது. அவர் அதைப் பெரிய அநியாயம்போலத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதைக் கேட்டே பின்வரிசையில் மூன்று வீடுகளில் ஜெயசீலியைக் கூப்பிட்டனுப்பினார்கள். மனுவுக்குப் பதில் வரவில்லை. லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன.

கோகிலாவுக்கு நாற்பத்தெட்டு ஆகியிருந்தது.

"கொஞ்சம் ஏறித்தான் நிக்கும்க்கா. அவரோடது எறங்கும், உங்களோடது ஏறும், நடுவுல எங்கயாவது வந்து நிக்கும்," என்றாள் ஜெயசீலி. கோகிலா தலையாட்டினாள். சிகாமணி மட்டும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்தரம் அவர்கள் வீட்டுக் காவல். கோகிலா அடுக்களையில் தோசைக்குச் சட்னி தாளித்துக்கொண்டிருந்தாள். கொல்லைப்புறத்தில் அவர் யாரிடமோ கிசுகிசுக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சிகாமணி கக்கத்தில் ஒரு தலையணையோடு சுவரோரம் நின்றார். அது அவளுடைய தலையணை.

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும் இத வாங்கிட்டு, ரங்கராஜோடதக் குடுங்க. நாளைக்கு அவருக்குப் பதிலா நான் காவல் இருந்துக்கறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"முடியாதுங்," என்றாள் சுவருக்கு அப்பால் பாலாமணி.

"இல்ல, அவளுக்கு நாப்பத்தெட்டு ஆயிருச்சு..."

"எனக்கு ஐம்பத்தெட்டு. உங்களுக்கு அறுபது. என்னமோ உங்க வீட்டுல மட்டும் எறங்கியே இருக்கோணுமா?"

"நான் தாங்கிக்குவேன். எனக்குப் பழக்கம்."

"அந்தக்காவும் பழகிக்குவாங்க. முறைன்னா முறை. அதைக் கொண்டுபோயி அந்தக்கா தலைமாட்டுல வையுங். செத்த நேரங் கழிச்சு நானே வந்து பாப்பேன்."

அந்தப் பக்கம் ஒரு வாளி நங்கென்று வைக்கப்பட்டது. பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

சிகாமணி தலையணையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அடுக்களையைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

"என்னங்க அங்க?" என்றாள் கோகிலா, கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல. சும்மா." கொஞ்ச தூரம் போய் நின்றார். பொறுக்க முடியவில்லை. "ஈவு இரக்கமில்லாத பொம்பளை புள்ள அது."

கோகிலா தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள்.

"ஆமாங்க," என்றாள். "நல்லா இருக்கோணும் அவிய."